மீன்தொட்டி விளக்கு

லோரோங் கூலிட் சந்தையில் எண்பது வெள்ளி.
"பாடாது, அலமாரிமேல் அழகுக்கு வைக்கலாம்" என்றான்.
மழை தூறத் தொடங்கியதும் எழுபதுக்கு இறங்கினான்.
மடியில் வைத்துக்கொண்டு ரெலாவ் வரை பேருந்தில் வந்தேன்.
பக்கத்து இருக்கைக்காரர்
கைக்குழந்தைக்கு இடம் விடுவதுபோல் நகர்ந்துகொண்டார்.

பின்பலகையைக் கழற்றினால்
பல்லி முட்டை ஓடுகள் மூன்று,
ஓர் ஐந்து காசு,
மெழுகு உருகி வழிந்த மின்தேக்கிகள்,
வால்வுகள் ஐந்து.
ஐந்தே ஐந்து.
நான் பாயான் லெப்பாஸில் இரவுப் பணியில்
நகக்கண் அளவுச் சில்லுக்குள்
கோடிக்கணக்கானவற்றைச் சோதித்து அனுப்புகிறவள்.
ஒன்றையும் கண்ணால் பார்த்ததில்லை.
இவற்றைத் துணியால் துடைக்கலாம்.

மின்தேக்கிகளை மாற்ற நான்கு ஞாயிறுகள்.
நேரே சுவரில் செருகப் பயந்து
நூறு வாட் குண்டு பல்பு ஒன்றை
வழியில் நிறுத்தினேன், காவல்காரனைப்போல.
முதலில் பளீரென்றது,
பிறகு யோசித்து
மங்கியது.
வால்வுகளின் அடிவயிற்றில் ஆரஞ்சு ஏறியது.
தூசி கருகும் வாசம்.
ஒலிபெருக்கியில் மெல்லிய ஒரு 'ம்'.
அவ்வளவுதான். எந்த ஊரும் வரவில்லை.

காரணம் பிடிபட இன்னொரு வாரம்.
எனக்கு முன் இதைத் திறந்த யாரோ,
அக்கறையுள்ள ஆள்,
ஆடிக்கொண்டிருந்த திருகுகளையெல்லாம்
ஒன்று விடாமல் இறுக்கி வைத்திருக்கிறார்.
அவை ஆடத்தான் வேண்டும்.
எங்கே நிற்பது என்று கேட்டுக் கேட்டு
நிற்கவேண்டியவை.
அவர்மேல் கோபம் வரவில்லை.
என் திருமணத்தை நான் பார்த்துக்கொண்டதும்
ஏறக்குறைய அப்படித்தான்.

இரும்புத் திருப்புளி கிட்ட வந்தாலே அலை நகர்ந்துவிடும்.
கொய்தியாவ் பொட்டலத்தோடு வந்த
மூங்கில் குச்சியின் முனையைச் சீவிக்கொண்டேன்.
நானூற்று ஐம்பத்தைந்தைக் கொடுத்து
கடைசிச் சுருளிலிருந்து பின்னோக்கி.
மயிரிழை திருப்பினால்
மீட்டர் முள் ஏறும்,
இன்னும் ஏறும்,
இறங்கும்.
உச்சி எதுவென்று தாண்டிய பிறகே தெரியும்.
திரும்பி வரவேண்டும்.
நான்கு திருகு. மறுபடி அதே நான்கு.
அறுநூறில் சரிசெய்தால்
ஆயிரத்து நானூறு கோபித்துக்கொள்ளும்,
அதைச் சமாதானம் செய்தால் இது.
கூட்டுக் குடும்பம்.

ஏரியல் கம்பியை ஜன்னலில் கட்டியதும்
'கர்ர்ர்'.
ஃபோன் சார்ஜரைப் பிடுங்கினேன். ஃபிரிட்ஜை. ரவுட்டரை.
போகவில்லை.
கம்பியை அவிழ்த்து நடைவழியில் இழுத்துக்கொண்டே போனேன்,
என் வீட்டுக் கதவைத் திறந்து போட்டு
காதை அங்கேயே விட்டுவிட்டு.
ஸ்வீ லான் வாசலில் இரைச்சல் கூடியது.

மணி பன்னிரண்டே கால்.
தட்டினேன்.
உங்கள் மீன்தொட்டி விளக்கு, பத்து நிமிஷம்,
செகெஜாப்,
இதை விளக்க என் மலாய் போதவில்லை.
முகத்தில் ஈரக் காகித மாஸ்க்குடன்
அவள் என்னைப் பார்த்தாள்,
அரோவானாவைப் பார்த்தாள்,
அணைத்தாள்.
கூடவே வந்தாள்.

தரையில் இருவரும்.
உள்ளூர்க் குரல் எதுவும் இல்லாத அந்தப் பட்டையில்
கண்ணாடியில் அச்சிட்ட ஊர்களைத் தாண்டிப் போனது முள்:
கொழும்பு, சைகோன், பத்தாவியா.
பெயர் மாறிப்போன ஊர்களிலும் நின்று பார்த்தேன்.
சைகோனுக்கும் பத்தாவியாவுக்கும் நடுவே
எழுத்தே இல்லாத கண்ணாடியில்
ஓர் ஆண் குரல்
எதையோ வாசித்துக்கொண்டிருந்தது.
சீனமா என்றேன். இல்லை என்றாள்.
தமிழா என்றாள். இல்லை என்றேன்.
வானிலை அறிக்கை என்று அவளே முடிவு செய்தாள்,
நடுநடுவே எண்கள் மாதிரி இருந்ததாம்.
குரல் மெலிந்தது, பருத்தது,
ஒருமுறை இருமினதுபோலக்கூட இருந்தது.
பத்து நிமிஷம் இருபத்தைந்தாயிற்று.
மாஸ்க்கை உரித்து மடித்து
என் சாம்பிராணித் தட்டில் வைத்தாள்.

பிறகு, மீன் பயப்படும் என்று எழுந்து போனாள்.
கதவு சாத்தும் சத்தம்.
முள்ளில் கை வைத்தபடி
காத்திருந்தேன்.

'கர்ர்ர்'.

நீந்துகிறது.